தனிக்குடித்தனம் வைத்த கதை

ஆயுதம் ஏந்திய இரண்டு குழுக்கள் கூட்டணி வைத்திருந்தால் அதை எப்படிப் பிரிப்பது என்று பயிற்சி வகுப்பில் உங்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். இரண்டு வட்டம், நடுவில் ஓர் அம்புக்குறி, ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ‘பலவீனம்’. நானும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவள்தான். படத்தில் தப்பில்லை. ஆனால் என் சர்வீஸிலேயே நான் செய்த மிகச் சிறந்த வேலையை டெல்லியிலும் செய்யவில்லை, மலையிலும் செய்யவில்லை. தாம்பரத்தை அடுத்த பீர்க்கன்கரணையில், ஏரிப்பக்கம் ஒரு வீட்டுக் கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செய்தேன். பெருமையடித்துக்கொள்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸில் இருக்கும்வரை நம்மால் வாயைத் திறக்க முடியாது. ஓய்வு பெற்ற பிறகாவது கொஞ்சம் அடித்துக்கொள்கிறேனே.

நான் என்ன வேலை பார்த்தேன் என்று சேலையூரில் அக்கம்பக்கத்தார் கேட்டால் ‘சென்ட்ரல் கவர்மென்ட்’ என்று சொல்லி நிறுத்திவிடுவேன். உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் அரசின் சார்பாகப் பேசப் போகிறவள் நான். அவர்களைச் சமாதானத்துக்குக் கொண்டுவருவது பாதி வேலை. சேர்ந்து நிற்கத் தேவையில்லாதவர்கள் சேர்ந்து நிற்கும்போது அவர்களை விலக்கி வைப்பது மீதி வேலை. இந்த மீதிப் பாதியில்தான் உயிர்கள் போகும்.

எப்படிப் போகும் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே பார்த்துவிட்டேன். அப்போது என் மேலதிகாரி ஒருவர், கெட்டிக்காரர், நல்ல மனிதர். கூட்டணி வைத்திருந்த இரண்டு தலைவர்களைப் பற்றிப் பத்திரிகைக்காரர் ஒருவர் கேட்டபோது, “அந்த இரண்டாமவர் விவரமானவர், அவரோடு பேசலாம்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். பாராட்டாகத்தான் சொன்னார். அது அச்சில் வந்தது. சில நாட்களில் அந்த விவரமானவரை அவருடைய கூட்டாளிகளே விருந்துக்கு அழைத்தார்கள். போனவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு என் அதிகாரி எந்த எதிராளியையும் யார் முன்னாலும் பாராட்டியதில்லை. “நாம் ஒருத்தனை நல்லவன்னு சொன்னா, அது அவன் ஆட்கள் காதில் வேற மாதிரி விழும்” என்பார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் சுருங்கிப்போகும்.

இனி பீர்க்கன்கரணைக்கு வருகிறேன்.

என் கணவருக்குக் கண் ஆபரேஷன் என்று விடுப்பில் சேலையூர் வந்திருந்தேன். அவருக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த காலை நேரத்தில் டெல்லியிலிருந்து போன். வடகிழக்கு எல்லையோரம் ஒரு மலை. பெயர் வேண்டாம், நம் ஆட்கள் அங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மலையில் ஆற்றின் குறுக்கே கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் இளம் என்ஜினீயர் ஒருவனைக் கடத்திவிட்டார்கள். பெயர் சரவணன். பொத்தேரியில் படித்தவன், பீர்க்கன்கரணைக்காரன். “நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க. போய் அந்தக் குடும்பத்தோட கொஞ்சம் உட்காருங்க” என்றார்கள். அழுகிறவர்களுக்குத் துணையாக ஒரு பெண் அதிகாரி. அவ்வளவுதான் எனக்கு ஒதுக்கிய பங்கு. மூளையைப் பயன்படுத்தும் வேலையெல்லாம் டெல்லியில் நடப்பதாக ஏற்பாடு.

கடத்தியது ஒரு கூட்டணி. வெளியே ஒரே பெயர், ஒரே கொடி. உள்ளே இரண்டு பேர். ஒருவரை ‘கணக்கு வாத்தியார்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் உண்மையாகவே கணக்கு நடத்தியவர். பாலத்துக்குப் போகும் பாதை அவர் ஊரார் இறந்தவர்களுக்காக நட்ட முன்னோர் கற்கள் மீது போகிறது என்று மனுக் கொடுத்துக் கொடுத்து, யாரும் சீந்தாமல் போன பிறகு துப்பாக்கி எடுத்தவர். இன்னொருவர் ‘கமாண்டர்’. அவருக்குக் கல்லும் வேண்டாம், ஊரும் வேண்டாம். அந்த மலைப் பக்கம் அரசாங்கம் என்ற ஒன்றே நுழையக் கூடாது. பாலமே இருக்கக் கூடாது. இந்த வித்தியாசம் டெல்லிக்கும் தெரியும். தெரிந்து என்ன? இருவரும் ஒரே வாயால் பேசினார்கள். பாலத்தை நிறுத்து, படையை எடு, சிறையில் இருப்பவர்களை விடு. வெள்ளிக்கிழமை வரை கெடு. அதற்குள் பதில் வராவிட்டால் பையனின் உடல் பாலத்தடியில் கிடக்கும்.

நான் போனபோது அந்த வீட்டில் ஊரே கூடியிருந்தது. ஒரே காம்பவுண்டு, ஒரே கேட், கேட்டில் தாத்தாவின் பெயர். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த குடும்பம். இப்போது வாடகை வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. சரவணனுடைய அப்பா காலமாகிவிட்டார். அம்மா சரோஜா இடது பக்கப் போர்ஷன். பெரியப்பா கோதண்டம் வலது பக்கம். கூட்டத்தின் நடுவே நின்று கத்திக்கொண்டிருந்தவர் அந்தப் பெரியப்பாதான்.

“நீ இன்னா மேடம் பண்ணப் போற? குந்திகினு பேசப் போறியா? நான் ஆளுங்கள கூட்டிகினு பெருங்களத்தூர் சிக்னல்ல ஒக்கார்றேன். ஜி.எஸ்.டி. ரோடு நாறட்டும். அப்பதான் டெல்லிக்காரனுக்கு ஒறைக்கும்!”

“ஒறைக்கும் சார். ஆனா உங்க பையன் டெல்லியில இல்லையே. மலையில இருக்கான்” என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டுக் கூட்டத்தை வெளியே போகச் சொன்னார். கோபக்காரர்தான், ஆனால் சொன்னால் பிடித்துக்கொள்கிறவர். அவரை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

அன்று மதியம் அவர்கள் சரவணனை அம்மாவோடு பேச விட்டார்கள். பையன் உயிரோடு இருக்கிறான் என்று காட்டுவதற்காக. டெல்லியில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சரோஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

“துன்னியாடா கண்ணு?”

“துன்னேம்மா. ஒண்ணும் பேஜார் இல்ல. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. நம்ம வூடு மாதிரியே கீது.”

அத்தோடு துண்டித்துவிட்டார்கள். டெல்லியிலிருந்து உடனே மெசேஜ் வந்தது: ‘பையனை நல்ல முறையில் நடத்துகிறார்கள், சொந்த வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறான்.’ மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. ஆனால் சரோஜாவின் முகத்தில் நிம்மதிக்குப் பதிலாகக் குழப்பம் இருந்தது. நம் வேலையில் ஒருவர் சொல்வதைக் கேட்பது பாதிதான், கேட்டவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை எந்த ஒலிப்பதிவும் உங்களுக்குத் தராது.

“என்னம்மா, ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?” என்று கேட்டேன்.

அவள் வலது பக்கப் போர்ஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நம்ம வூடு மாதிரி கீதுன்றான். நம்ம வூட்ல இன்னா நல்லா கீது மேடம்? வெளிய பாத்தா ஒரே குடும்பம். கல்யாண பத்திரிக்கையில எல்லாரு பேரும் வரும். ஆனா ரெண்டு அடுப்பு. அவங்க வூட்ல நாங்க கை நனைக்க மாட்டோம். எங்க வூட்டு தண்ணிய அவங்க தொட மாட்டாங்க. எங்க வூட்டுக்காரு இருந்தப்பவே அப்படித்தான்.”

நான் டெல்லி மெசேஜை மறுபடி படித்தேன். பையன் விளையாட்டாகச் சொல்லவில்லை. தன்னைச் சுற்றியிருப்பவர்களில் யாருக்காவது தமிழ் தெரிந்திருந்தாலும் பிடிபடாதபடி, அம்மாவுக்கு மட்டும் புரியும்படி சொல்லியிருந்தான். கொடி ஒன்று, அடுப்பு இரண்டு. ஒரே முகாமில் இருந்துகொண்டு ஒருவர் சோற்றை ஒருவர் தொடாத கூட்டணி அது.

மறுநாளும் பேச விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்று சரோஜாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவள் என்னைவிட நன்றாகக் கேட்டாள்.

“சோறு யாரு வூட்ல கண்ணு? நம்ம வூட்லயா, பெரியப்பா வூட்லயா?”

“நம்ம வூட்லதாம்மா. பெரியப்பா வூட்டு ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க.” கூடவே, “நம்ம வூட்ல ஒரு சார் கீறாரு. பத்தாவதுல எனக்குக் கணக்கு எடுத்தாரே, அவர மாதிரி” என்றான்.

இதற்கு மேல் எனக்கு வரைபடம் எதற்கு? சோறு போடுவது வாத்தியார் தரப்பு. துப்பாக்கியோடு காவல் நிற்பது கமாண்டர் தரப்பு. ஆனால் அடுத்து சரோஜா என்னைக் கேட்காமலே ஒன்று சொன்னாள். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. பல வருஷத்துப் புகைச்சலில் அவள் வாயில் தானாக வந்தது.

“அப்ப அங்கியே துன்னு. அவங்க இன்னா ஆக்கிப்போட்டாலும் போவாத. அந்த வூட்ல கை நனைக்காத.”

பக்கத்தில் நின்றிருந்த கோதண்டத்தின் காதில் இதெல்லாம் விழுந்தது. கடத்தல்காரனுக்குத் தன் பெயரை வைத்துத் தம்பி மகன் பேசினால் எப்படி இருக்கும்? அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

“புள்ளைக்கு அங்க போயும் நம்ம சண்டதான் ஞாபகம் வருது, பாத்தியா மேடம். மெய்யாலுமே சொல்றேன், எனக்கும் என் தம்பிக்கும் ஒரு பகையும் கெடையாது. எங்கப்பா காலத்துலயே ஒயுங்கா தனிக்குடித்தனம் வெச்சி அனுப்பியிருந்தா அவன் பாட்டுக்கு நல்லா இருந்திருப்பான். நானும் போயி வந்துகினு இருந்திருப்பேன். பிரிக்காம, சேர்க்காம, நடுவுல சொவுரு வெச்சி உட்டுட்டாரு. அதான் இப்படி நாறிப்போச்சி.”

இந்த வார்த்தையைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். தனிக்குடித்தனம். கல்யாணமான மகனைப் பெற்றவர்களே நல்ல நாள் பார்த்து, பாத்திரம் பண்டம் கொடுத்து, பால் காய்ச்சித் தனி வீட்டில் வைப்பது. அதற்குப் பெயர் பிரிவு இல்லை. யாரும் யாரையும் துரோகி என்பதில்லை. போகிறவனுக்கும் கௌரவம், அனுப்புகிறவனுக்கும் கௌரவம்.

அந்த நேரத்தில் டெல்லியில் என் மேலதிகாரி, முன்னால் சொன்னவர் இல்லை, வேறொருவர், என்ன திட்டம் வைத்திருந்தார் தெரியுமா? வாத்தியார் நம்மோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று கமாண்டர் காதுக்குப் போகும்படி ஒரு புரளியைக் கிளப்புவது. அவர்கள் அடித்துக்கொள்ளட்டும், அந்த இடைவெளியில் பையனை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. கேட்க அழகாகத்தான் இருக்கும். நான் போனில் எகிறினேன்.

“ஒருவரைப் பார்த்து ‘நீ இளகிவிட்டாய்’ என்று அவர் கூட்டாளி சொன்னால், இல்லை என்று நிரூபிக்க அவர் என்ன செய்வார் சார்? கையில் இருக்கும் பையனைத்தான் ஏதாவது செய்வார். அதைச் செய்யாவிட்டால் கமாண்டர் அவரையே தீர்த்துவிடுவார். இரண்டில் எது நடந்தாலும் நமக்குப் பையன் கிடைக்க மாட்டான்.”

“வேறு வழி உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இருக்கிறது. அந்தக் கற்களைக் காப்பாற்றிக் கொடுங்கள்.”

பாதையைக் கொஞ்சம் வளைத்தால் முன்னோர் கற்கள் தப்பும். அந்த உத்தரவை வாங்க எத்தனை பேரிடம் கெஞ்சினேன், எத்தனை பேரை மிரட்டினேன் என்பதெல்லாம் உங்களுக்கு அலுத்துப்போகும். வியாழக்கிழமைக்குள் வாங்கினேன், அவ்வளவுதான். ஆனால் அதை எப்படிக் கொடுப்பது என்பதில் மறுபடி சண்டை. பையனை விட்டால் பாதையை நகர்த்துகிறோம் என்று பேரம் பேசச் சொன்னார் மேலதிகாரி. நான் மறுத்தேன். நிபந்தனை வைத்தால் அது விலை. விலை வாங்கியவர் கூட்டாளி முன்னால் தலை நிமிர முடியாது. பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், வாத்தியாரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், மலை மொழி வானொலியில் வெறும் செய்தியாகச் சொல்லுங்கள் என்றேன். அந்த ஊர் மக்களின் மனு நியாயமானது, பாதை நகர்கிறது, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று.

“கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டைச் சும்மா போடச் சொல்கிறீர்கள்” என்றார்.

“ஆமாம் சார். சும்மா போட்டால்தான் அது செல்லும்.”

அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன். தப்பாகப் போயிருந்தால் அவர் தலைதான் உருண்டிருக்கும்.

செய்தி வந்த அன்று மாலையே வாத்தியார் போனில் வந்தார். அந்த மலையின் ஊர்த்தலைவர் ஒருவர், இரண்டு பக்கத்துக்கும் வேண்டியவர், தன் போனைக் காட்டுக்குள் எடுத்துப் போயிருந்தார். நான் சரோஜா வீட்டு முற்றத்தில் நின்று பேசினேன். பேசியது ஆங்கிலத்தில், கேட்டது ஒரு பள்ளிக்கூட ஆசிரியரின் பொறுமையான குரல்.

“பாதையை நிஜமாகவே நகர்த்த முடியுமா?”

“உங்களிடம் ஒரு பால என்ஜினீயர் இருக்கிறான். அவனையே கேளுங்கள்.”

“கேட்டேன். முடியும் என்றான். மண்ணில் கோடு போட்டுக் காட்டினான்.” உடனே அடுத்ததைச் சொன்னார். “அம்மா, நீங்கள் என்னை என் நண்பனுக்குத் துரோகம் செய்யச் சொல்கிறீர்கள்.”

“சொல்லவில்லை. நான் உங்களிடம் எதையுமே கேட்கவில்லையே. உங்கள் கற்கள் உங்களுடையவை. பையனை விட்டாலும் விடாவிட்டாலும் பாதை நகரும். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. உங்கள் ஊரில் தம்பி தனிக்குடித்தனம் போனால் என்ன செய்வார்கள்?”

அந்தக் கேள்வி அவருக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வாத்தியாரல்லவா, கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. “அண்ணன் வீட்டு அடுப்பிலிருந்து நெருப்புக் கேட்பான். அண்ணன் தன் கையால் ஒரு கொள்ளியை எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்டுக் கொடுக்காத அண்ணனை எங்கள் ஆட்கள் மதிக்க மாட்டார்கள்.”

“கூட்டணி வைத்தபோது யார் அண்ணன்?”

“அவர்தான். நான் சிறியவன் என்று ஒப்புக்கொண்டு சேர்ந்தேன்.”

“நெருப்போடு யார் யார் போகலாம்?”

“தம்பி பக்கத்து அடுப்பில் சாப்பிடுகிறவர்கள் எல்லாரும்.” சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. குரல் மாறியது. “அந்தப் பையன் என் அடுப்பில்தான் சாப்பிடுகிறான். நேற்று அவர்கள் பன்றி அடித்து விருந்து வைத்தார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். இவன் மட்டும் தொடவே இல்லை. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.”

எனக்கு விளங்கியது. முற்றத்தில் எனக்கு எதிரே நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாளே, அவள் சொன்னதால்தான். பையன் அம்மா பேச்சைத் தட்டாதவன்.

மறைந்து போகாதீர்கள், பையனை இருட்டில் கடத்திக்கொண்டும் போகாதீர்கள், எல்லாரும் பார்க்கும்படி கேட்டுவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் நாளைக் காலை கேட்பதாகச் சொன்னார். நாளை வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் வாத்தியார் கேட்டிருப்பார். கமாண்டர் என்ன சொன்னாரோ தெரியவில்லை. ஊர்த்தலைவர் போனை எடுக்கவில்லை. இந்த நேரம் பார்த்து ஒரு டி.வி. வேன் ஏரிக்கரை ரோட்டில் வந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. எங்கிருந்தோ கசிந்துவிட்டது. ‘பயங்கரவாதிகள் கூட்டணியில் பிளவா?’ என்று டெல்லிச் சேனல் ஒன்று கீழே எழுத்து ஓட்ட ஆரம்பித்திருந்தது. அதிகாரபூர்வமாக அறிவித்துவிடலாமா, நல்ல பெயராவது கிடைக்கும் என்று டெல்லியில் சிலர் துடித்தார்கள். “இன்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்று என் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, அதைவிடப் பெரிய வாயைப் பார்த்தேன். கேட்டருகே நின்ற கோதண்டத்தின் முன்னால் மைக் போய்விட்டது.

அவரைப் பின்னால் இழுத்தேன். நிருபர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். விளக்கம் சொல்ல நேரமில்லை.

“சார், அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரையும் திட்டாதீங்க. ஒருத்தரை மட்டும் பாராட்டாதீங்க. ரெண்டு பேரையும் சமமா மரியாதையா பேசுங்க.”

“என் புள்ளைய தூக்கினு பூட்டானுங்க, அவனுங்களுக்கு மரியாதையா?” கண் சிவந்துவிட்டது அவருக்கு.

“புள்ளை வேணும்னா மரியாதை சார்.”

அந்தக் கோபக்காரர் மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு மைக் முன்னால் போய் நின்றார்.

“கூட்டணி உடைஞ்சிருச்சாமே, உங்களுக்குத் தெரியுமா?” என்று ஒரு பெண் நிருபர் கேட்டார்.

“எனக்கு அதெல்லாம் தெரியாது எம்மா. அங்க ரெண்டு பெரிய மனுசங்க கீறாங்க. ஒருத்தரு எங்க புள்ளைக்கு சோறு போட்டாரு. ஒருத்தரு வாசல்ல ஆள் நிறுத்தி, வேற எவனும் கிட்ட வராம காவல் காத்தாரு. ரெண்டு பேருமே எங்களுக்கு ஒறவு மாதிரிதான். ரெண்டு பேருக்கும் எங்க குடும்பத்து கும்பிடு. அனுப்பி வெப்பாங்க. அவங்க பெரிய மனசு.” கையெடுத்துக் கும்பிட்டார். அப்படியே உள்ளே வந்துவிட்டார்.

காவல் காத்தாரு! அந்த வார்த்தையை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. துப்பாக்கி வைத்து அடைத்தவனைக் காவல்காரன் ஆக்கிவிட்டார் மனுஷன். முப்பது வருஷம் இந்த வேலையில் இருந்த எனக்கு அது தோன்றவில்லை. டெல்லிச் சேனல்களும் வானொலியும் அதை மொழிபெயர்த்துத் திரும்பத் திரும்பப் போட்டன. வேறு அறிக்கை எதுவும் கிடைக்காததால் அன்று நாட்டுக்கு இருந்த ஒரே செய்தி அதுதான். சிலர் எரிச்சலில் பொங்கினார்கள். கடத்தல்காரர்களைக் கும்பிடுவதா என்று கேட்டார்கள். கேட்கட்டும். மதியம் தாண்டி ஊர்த்தலைவரின் போன் வந்தது. சரவணன் ஆற்றைத் தாண்டிவிட்டான். சரோஜாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “மேடம், இன்னும் ஒண்ணும் துன்னலியே நீங்க?” என்று கேட்டாள். எனக்குத்தான் கண் கலங்கியது.

பின்னால் வாத்தியார் தரப்பு தனியாகப் பேச்சுவார்த்தைக்கு வந்தது. கமாண்டரோடு இருந்த மலைப் பையன்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குத் திரும்பினார்கள். கமாண்டர் எல்லையைத் தாண்டிப் போய்விட்டார். இரண்டு குழுக்களும் தங்களுக்குள் ஒரு குண்டுகூடச் சுட்டுக்கொள்ளவில்லை. பிரிந்த கூட்டணிகளைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். கூட்டணியை உடைத்தேன் என்று நான் எங்கும் சொல்வதில்லை. நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடைந்த துண்டுகள் நம் காலில்தான் குத்தும். பாலம் இப்போது நிற்கிறது. கற்களும் நிற்கின்றன. இதில் பெருமைப்படாமல் வேறு எதில் பெருமைப்படுவேன்?

ஆனால் என் பெருமைக்கு உண்மையான காரணம் எனக்கே பின்னால்தான் தெரிந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஊர்த்தலைவர் இதய வைத்தியத்துக்காகச் சென்னை வந்தார். தாம்பரத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தவரை சேலையூருக்கு அழைத்துச் சாப்பாடு போட்டேன். அன்று முகாமில் என்ன நடந்தது என்று அப்போதுதான் கேட்டேன்.

வாத்தியார் காலையில் எல்லார் முன்னாலும் போய் நெருப்புக் கேட்டாராம். கமாண்டர் பதில் சொல்லவில்லையாம். தன் ஆட்களிடம் துப்பாக்கியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சிறிய ரேடியோ ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். வாத்தியாரும் சரவணனும் எதிரே தரையில். வெயில் ஏறியது. யாரும் நகரவில்லை.

“ரேடியோவில் என்ன கேட்டார்?” என்றேன்.

“செய்தி கேட்டார். அரசாங்கம் தன்னை ஏமாந்தவன் என்று சொல்கிறதா, தம்பியைத் தங்கள் ஆள் என்று சொல்கிறதா என்று கேட்டார். அப்படி ஒரு வார்த்தை வந்திருந்தால் அந்த இடத்திலேயே இரண்டு பேரையும் சுட்டிருப்பார். ஒவ்வொரு செய்தியும் முடிந்ததும் அடுத்ததற்குக் காத்திருந்தார். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் கும்பிடு போட்டதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடைசியில் ரேடியோவை நிறுத்திவிட்டு அடுப்பண்டை போனார். கொள்ளியை எடுத்துக் கொடுக்கும்போது என்னிடம்தான் சொன்னார். ‘ஒருத்தராவது என்னைத் திட்டியிருக்கலாம்’ என்றார்.”